பழைய கணினியில் லினக்ஸ் போடும்போது டி டிரைவை இழக்காதீர்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்த பிறகு, விண்டோஸ் 11-ஐ ஏற்காத லேப்டாப்போடு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் கேட்டு என்னிடம் வருகிறவர்கள் அதிகம். தாங்களே போட ஆரம்பித்துப் பாதியில் சிக்கி வருகிறவர்களும் உண்டு. அவர்கள் செய்வதெல்லாம் ஒரு காலத்தில் நான் செய்த அதே தவறுகள்தான்.

டி டிரைவ் தனி டிஸ்க் அல்ல

நம் ஊரில் கணினி சரிபார்க்க வருகிறவர்கள் சொல்லிப் பழக்கிய ஒரு வாக்கியம் உண்டு: "சி போனாலும் டி-க்கு ஒண்ணும் ஆகாது." அதனால் வீட்டுப் படங்கள் எல்லாம் டி-யில் போய் உட்கார்ந்திருக்கும். விண்டோஸை மறுபடி போடும்வரை அது சரிதான். லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டை நிறுவும்போது ‘எரேஸ் டிஸ்க்’ என்று ஒரு தேர்வு வரும். அங்கே டிஸ்க் என்றால் முழு ஹார்ட் டிஸ்க். சி, டி இரண்டும் அதற்குள் பிரித்த பகுதிகள், இரண்டும் போய்விடும். எச்சரிக்கையும் கீழேயே எழுதியிருக்கும். ஆனால் டி-க்கு ஆபத்தில்லை என்று வருடக்கணக்கில் கேட்ட மனசுக்கு, அது சி-யைப் பற்றியதாகத்தான் படும்.

நான் இதைச் செய்தது அக்காவின் கணினியில். அவள் மகனின் முதல் பிறந்தநாள் படங்கள் டி-யில் இருந்தன. அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற மென்பொருளை ஓட்டி இரண்டு இரவு உட்கார்ந்தேன். ஆயிரக்கணக்கில் கோப்புகள் வந்தன. ஃபோல்டர் இல்லை, பழைய பெயர் இல்லை, எஃப் என்ற எழுத்தும் நீளமான எண்ணும் மட்டும். ஒவ்வொன்றாகத் திறந்தால் பலவற்றில் மேல் பாதியில் குழந்தையின் முகம், கீழ் பாதி வெறும் சாம்பல் நிறம். அக்கா திட்டவே இல்லை. இன்றைக்கும் யாராவது அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு வந்து நின்றால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் அவர்கள் மேல் இல்லை, அந்தப் பழைய வாக்கியத்தின் மேல்.

டி-யில் உள்ளதை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுங்கள். அதை வேறொரு கணினியில் செருகி நாலு படம் திறந்து பாருங்கள். அப்புறம் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு நிறுவுங்கள். செருகியே விட்டால் தவறிப்போய் அதையே அழிக்கவும் வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? உடனே கணினியை அணையுங்கள், அதில் புதிதாக எதையும் எழுத விடாதீர்கள். உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டி என்றால் மீட்பது பெரும்பாலும் நடக்காது.

லைவில் ஓட்டிப் பார்க்காமல் நிறுவுவது

லைவ் என்றால் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டுவது. அப்படி ஓட்டி வைஃபை, ஒலி, டச்பேட் மூன்றையும் பாருங்கள். பழைய பிராட்காம் நிறுவன வைஃபை சிப்புக்குப் பல நேரம் தனி டிரைவர் வேண்டும். அதை இறக்க போனை யூஎஸ்பியில் இணைத்து இணையம் கொடுத்தால் போதும்.

பென்டிரைவ்

லினக்ஸை நிறுவ இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் எழுதினால் அதில் இருந்ததும் அழியும்.

2 ஜிபி ரேமில் சினமன்

வேண்டாம். சினமன், எக்ஸ்எஃப்சிஇ இரண்டும் மின்ட்டின் திரைத்தோற்ற வகைகள். இலகுவான எக்ஸ்எஃப்சிஇ போடுங்கள்.

டேலி

டேலி விண்டோஸுக்கான கணக்கு மென்பொருள். கடைக் கணக்கு அதில் ஓடுகிறது என்றால் அந்தக் கணினியில் கை வைக்காதீர்கள்.

பாமினி கோப்புகள்

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விண்டோஸை எடுக்கும் முன் அதன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் காப்பி எடுத்து வையுங்கள். லினக்ஸில் அந்த எழுத்துருவைப் போட்டதும் கடிதம் பழையபடி படிக்கக் கிடைக்கும்.