அசென்ட், கன்சென்ட்: எதை எங்கே போடுவது?

அக்கா மகனுக்கு 13 வயது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்த ஆய்வில் அவனைச் சேர்க்கப் போனபோது இரண்டு தாள் கொடுத்தார்கள். அக்கா கையெழுத்துப் போடும் தாளில் கன்சென்ட் (consent), அவன் போடும் தாளில் அசென்ட் (assent). தமிழில் இரண்டுமே ‘சம்மதம்’. “அம்மாதான் போட்டாச்சே மாமா, நான் எதுக்குப் போடணும்?” என்றான். நியாயமான கேள்வி.

படி 1: எழுத்து. அசென்டுக்கு இரண்டு எஸ். எஸ்ஸும் சியும் போட்டால் (ascent) அது மேலே ஏறுவது. இரண்டும் காதுக்கு ஒன்றுதான், எழுதிப் பழகுங்கள்.

படி 2: எதற்குச் சம்மதம்? நம் உடம்பிலோ உடைமையிலோ இன்னொருவர் கைவைக்க நாம் தரும் அனுமதி கன்சென்ட். முன்வைத்த யோசனையை, வாசகத்தை ‘சரி’ என்று ஏற்பது அசென்ட்.

படி 3: யார் சொல்கிறார்? பலரும் தடுக்கி நிற்பது இங்கேதான். ஊசி குத்தப்போவது பையனுக்கு. படி 2 கணக்கில் அவன் தருவது கன்சென்ட் ஆகவேண்டும். ஆனால் 18 வயதுக்குள் இருப்பவர் தரும் சம்மதம் சட்டப்படி தனியாக நிற்காது. அதனால் கன்சென்ட் பெற்றோருடையது, பிள்ளையின் இசைவு அசென்ட். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி 7 முதல் 12 வயதுவரை வாய்மொழி அசென்ட், அதற்குமேல் 18 வரை எழுத்தில். அம்மா கையெழுத்து இருந்தாலும் பிள்ளையிடம் புரியும்படி சொல்லிக் கேட்டாக வேண்டும். எனக்கு இது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. நம் வீடுகளில் பிள்ளையிடம் யார் கேட்கிறோம்?

படி 4: இரண்டுக்கும் பின்னால் ‘டு’ போடுங்கள். அக்ரீ பழக்கத்தில் ‘வித்’ வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் மொழிபெயர்ப்பை இதற்கு நம்பாதீர்கள், இரண்டுக்கும் ஒரே சொல்லைத் தரும். எடுத்துக்காட்டு வாக்கியம் உள்ள ஆக்ஸ்போர்டு லேனர்ஸ் அகராதிதான் என் சிபாரிசு.

பிறகு சேர்த்தது: ‘கவர்னர் மசோதாவுக்குத் தருவது எது?’ என்று குரூப் 1 படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அசென்ட். அரசியலமைப்பின் 200ஆவது பிரிவில் அந்தச் சொல்தான் இருக்கிறது. முன்வைத்த வாசகத்தை ஏற்பது என்பதால் படி 2 அப்படியே பொருந்தும். சிபிஐ நம் மாநிலத்துக்குள் விசாரிக்க மாநில அரசு தருவது கன்சென்ட், ஏனென்றால் அது தன் எல்லைக்குள் நுழைய விடும் அனுமதி. வழக்குக்கு வழக்கு கேட்காமல் மொத்தமாகத் தரும் பொது கன்சென்டைத் தமிழ்நாடு 2023 ஜூனில் திரும்பப் பெற்றது.