ஆதரவாளர்களை நம்பி நகர ஊழியத்துக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஊழியத்துக்குப் புதிதாக வந்த ஓர் இளைஞர், பணம் கொடுத்துத் தாங்குகிற ஆதரவாளர்களுக்கு ஊழியர்கள் மாதாமாதம் அனுப்பும் ஜெபக் கடிதத்தில் தம் முதலாவதன் வரைவை என்னிடம் கொடுத்துப் பிழை திருத்தித் தரும்படி கேட்டார். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் இரண்டாம் பத்தியை வாசித்தபோது என் காது சூடேறியது. பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதி, இன்றுவரை நினைத்து வெட்கப்படுகிற அதே பத்தியை அவர் வேறு சொற்களில் எழுதியிருந்தார். அதைப் பற்றிக் கீழே விரிவாகவே சொல்லப்போகிறேன்.

ஜெபத்தில் குறைவுபடாதீர்கள், வரவுக்கு ரசீது கொடுங்கள், கடன் வாங்காதீர்கள் என்பவற்றையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எந்தப் பயிற்சி முகாமிலும் முதல் நாளே சொல்லப்படுகின்றன. மீறுகிறவரும் தெரிந்தேதான் மீறுகிறார். தவறென்றே தெரியாமல், சில வேளைகளில் பக்தி என்றே எண்ணிக்கொண்டு நாம் செய்கிறவற்றைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வாக்குறுதியை வருமானமாக எண்ணுவது

ஊழியத்துக்குப் புறப்படும் நாளில் சபையார் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதீர்கள் பிரதர், நாங்கள் இருக்கிறோம்" என்பார்கள். அது பொய்யல்ல, அந்த நேரத்தில் மனப்பூர்வமாகவே சொல்கிறார்கள். ஆனால் அன்பு வேறு, மாதாமாதம் தவறாமல் அனுப்பும் பழக்கம் வேறு. நான் முதன்முதலாக வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது என் நோட்டில் 22 பெயர்கள் இருந்தன. மூன்றாம் மாதம் காணிக்கை அனுப்பியவர்கள் 9 பேர். மற்ற 13 பேர்மீது எனக்குக் கசப்பு வந்தது. எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த வழியாக என்று அவர்களில் ஒருவரிடமும் நான் கேட்டிருக்கவே இல்லை என்பது வெகுநாள் கழித்தே உறைத்தது. இந்த மூன்றும் தெளிவாகும்வரை ஒரு பெயரையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

மொத்த வரவில் பெரும்பங்கு ஒரே கையிலிருந்து வருவதும் ஆபத்தானது. அவர் வேலை இழந்தால் நீங்களும் இழப்பீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பிடிக்காத ஒன்றை அவரிடமே சொல்ல வேண்டிய நாள் வரும்போது உங்கள் நாக்கு ஒரு கணம் தயங்கும் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

ஜார்ஜ் முல்லரைப் பாதி மட்டும் பின்பற்றுவது

1836இல் பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லர், தம் தேவையைத் தேவனிடம் தவிர எவரிடமும் சொல்வதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். சம்பளமில்லாமல் தேவனை நம்பிச் செய்கிற விசுவாச ஊழியம் என்றாலே நம்மவர்களுக்கு அவர் நினைவுதான் வரும். ஆனால் அதே முல்லர், நடந்தவற்றையும் வரவுசெலவையும் விவரமாக அச்சிட்டு ஆண்டுதோறும் வெளியிட்டவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1841 டிசம்பரில் கையில் பணமே இல்லாதிருந்தபோது, அறிக்கையை வெளியிட்டால் அது மறைமுகமான விண்ணப்பமாகிவிடும் என்பதற்காக அறிக்கையையும் பொதுக்கூட்டத்தையும் தள்ளிவைத்தார். தேவையைப் பற்றி வாய்திறவாமல் இருந்த அவர், வேலையைப் பற்றிக் கணக்கு ஒப்புவிக்கத் தயங்கியதே இல்லை.

புதியவர்களில் ஒருசாரார் இரண்டையும் மறைக்கிறார்கள். ஆறு மாதம் கடிதமே எழுதாமல் இருந்துவிட்டு, ஆதரவு குறைந்ததும் மனம் சோர்கிறார்கள். இன்னொரு சாரார் "நான் யாரிடமும் கேட்பதில்லை" என்று மேடையில் சொல்லிவிட்டு, வாடகைப் பாக்கியை ஜெபக்குறிப்பு என்ற பெயரில் தெரிவிக்கிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது வகைமீதுதான் கோபம் அதிகம். தேவையை வெளிப்படையாகச் சொல்வதில் இழிவு ஒன்றும் இல்லை. பவுல் பிலிப்பி சபையாருக்கு எழுதும்போது, தெசலோனிக்கேயில் தாம் இருந்த காலத்தில் அவர்கள் ஓரிருமுறை அனுப்பியதை நினைவுகூர்ந்து, எப்பாப்பிரோதீத்துவின் கையில் வந்ததையும் பெற்றுக்கொண்டதாக எழுதிக்கொடுக்கிறார். அதே பவுல் கொரிந்துவில் ஆக்கில்லாவோடும் பிரிஸ்கில்லாளோடும் கூடாரத் தொழில் செய்து, அந்தச் சபையாரிடம் வாங்க மறுத்துவிடுகிறார். கேட்பதும் கேளாதிருப்பதும் வேலை செய்துகொண்டே ஊழியம் செய்வதும் ஆகிய எல்லாமே நேர்மையான வழிகள்தாம். கேளாததுபோலக் கேட்பது மட்டும் அந்தக் கணக்கில் சேராது.

அண்டை வீட்டாரின் துயரத்தை ஜெபக் கடிதத்துக்குத் தீனியாக்குவது

நகர ஊழியத்தில் பெரும்பாலான நாட்கள் எழுதுவதற்கு ஒன்றும் தராதவை. ஒரே படிக்கட்டில் மறுபடியும் ஏறுவதும், திறக்காத கதவுக்கு முன் நின்றுவிட்டுத் திரும்புவதும், ஒருவருடைய விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதும், மருத்துவமனை வராந்தாவில் வேறொருவருக்குத் துணையாக அரைநாள் உட்கார்ந்திருப்பதுமே ஒரு மாதத்தை நிறைத்துவிடும். ஆனால் மாதக் கடைசியில் கடிதம் போயாக வேண்டும். நம்மைத் தாங்குகிறவர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு நாம் "படிக்கட்டு ஏறினேன்" என்று எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தில்தான் நாம் கதை தேடத் தொடங்குகிறோம்.

என் நான்காம் ஆண்டில், நாங்கள் குடியிருந்த கட்டடத்திலேயே லிஃப்ட் பழுதுபார்க்கும் தொழிலாளி ஒருவர் இருந்தார். வேலையில் நேர்ந்த விபத்தில் இடது கையில் இரண்டு விரல்களை இழந்தவர். குடியால் குடும்பம் பிரிந்து, மனைவி மகளை அழைத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். வியாழக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து அவரும் நானும் மாற்கு சுவிசேஷத்தை வாசித்து வந்தோம். ஓர் இரவு, மகளைத் தாம் கைநீட்டி அடித்த நாளைப் பற்றிச் சொன்னார். அதை அதற்கு முன் எவரிடமும் சொன்னதில்லை என்றும் சொன்னார்.

அதை நான் கடிதத்தில் எழுதினேன். பெயரை மாற்றினேன், அவ்வளவே போதும் என்று நினைத்தேன். தொழிலையும் விரல்களையும், மனைவி போனதையும் மகளை அடித்ததையும், வாசிக்கிறவர் கண் கலங்கும்படி எழுதினேன். அவர் வாயால் இன்னும் சொல்லியிராத விசுவாச அறிக்கையையும் "இன்று அவர் புது மனிதர்" என்று நானே அவருக்காகச் சொல்லி முடித்தேன்.

அந்தக் கடிதத்துக்கு வந்ததுபோல் அதற்கு முன் எதற்கும் பதில்கள் வந்ததில்லை. இதுபோன்ற கடிதங்களைத்தான் எதிர்பார்க்கிறோம் என்று பலர் எழுதினார்கள். ஒருவர் அதைத் தம் சபையின் வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் போட்டார். அங்கிருந்து அது வேறொரு குழுவுக்குப் போயிற்று. நகரத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது என்பது நகரத்துக்குப் புதிதாக வந்தவர்கள் நம்புகிற கட்டுக்கதை. எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் இருக்கலாம். உறவும் வேலையிடமும் சபையும் கைப்பேசிக் குழுக்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அந்த இரண்டாவது குழுவில் அவருடைய மனைவிக்கு உறவினர் ஒருவர் இருந்தார்.

11 நாட்கள் கழித்து அவர் வந்தார். வியாழக்கிழமை அல்ல. உள்ளே வரவில்லை, வாசலில் நின்றபடியே கைப்பேசியை என்முன் நீட்டினார். என் பத்தி திரை முழுவதும் பெரிதாக்கப்பட்டிருந்தது. "பெயரை மாற்றிவிட்டீர்கள். விரல்களை மாற்ற மறந்துவிட்டீர்கள்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பிறகு, "இதற்கு எவ்வளவு வந்தது?" என்று கேட்டார். அந்த மாதம் வழக்கத்தைவிட அதிகமாகவே வந்திருந்தது. புதிதாக இரண்டு பேர் ஆதரவாளர்களாகச் சேர்ந்திருந்தார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் போய்விட்டார். அடுத்த வியாழனும் வரவில்லை, அதன்பின் ஒரு வியாழனும் வரவில்லை. சில மாதங்களில் வீட்டையே காலிசெய்துகொண்டு போனார். ஓராண்டாக வாசற்படியில் நின்று என் மனைவியோடு மனம்விட்டுப் பேசிவந்த பக்கத்து வீட்டு அம்மாள், அதற்குப் பிறகு கதவுச் சங்கிலியைக் கழற்றாமலேயே பதில் சொல்லத் தொடங்கினார்.

அன்று நான் மூடனாக இருந்தேன் என்பதோடு விஷயம் முடிந்திருந்தால் இத்தனை ஆண்டு கழித்தும் எனக்கு எரிச்சல் வராது. இந்த ஏற்பாடே அந்த மூடத்தனத்தைப் பாராட்டுவதுதான் எரிச்சலூட்டுகிறது. கதை எழுதுகிறவருக்கு ஆதரவு கூடுகிறது, எழுதாதவரை "அங்கே என்னதான் செய்கிறார்?" என்று கேட்கிறார்கள். நடந்ததை மூத்த ஊழியர் ஒருவரிடம் நான் சொன்னபோது, "பெயரை மாற்றித்தானே எழுதினீர்கள், வருந்த வேண்டாம்" என்று ஆறுதல் சொன்னார். முல்லரின் அறிக்கைகளில் கொடுத்தவர்களின் பெயர்கள் மறைக்கப்பட்டிருக்கும். நாமும் கொடுப்பவர் பெயரை வெளியிடுவதில்லை, அதை நற்பண்பு என்கிறோம். பெற்றுக்கொள்கிறவரின் மானம்தான் நம் கடிதங்களில் கட்டவிழ்ந்து கிடக்கிறது.

இப்போது நான் கடைப்பிடிக்கிற முறை எளிது, ஆனால் வலிக்கும். ஒருவரைப் பற்றி எழுதினால், அனுப்பும் முன் அந்தப் பத்தியை அவர் முகத்துக்கு நேரே வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்க நா எழாவிட்டால் அனுப்பக் கூடாது. அவர் சம்மதித்தாலும் உடனே அனுப்புவதில்லை. நேற்று நாம் மருத்துவமனைக்கு அழைத்துப்போன ஒருவர் இன்று நம்மிடம் "வேண்டாம்" என்று சொல்ல மாட்டார். ஆகவே அவருக்கு என்னால் ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இல்லாத வேறொரு நாளில் மறுபடியும் கேட்கிறேன். பிள்ளைகளின் புகைப்படம் எந்நிலையிலும் கிடையாது. ஒவ்வொரு கடிதமும் பிறருக்கு அனுப்பப்படும் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கதை வேண்டுமென்றால் என் கதை இருக்கிறது: நான் பொறுமை இழந்த நாள், நான் கற்றுக்கொள்ள முயன்று இன்னும் பிடிபடாத அண்டை வீட்டாரின் மொழி, திறக்காத கதவுகள். இதனால் ஆதரவாளர்களில் சிலரை இழந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த இளைஞரின் இரண்டாம் பத்தியில் நான்காம் மாடியில் வசிக்கும் ஒரு பெண்ணும் அவருடைய நோயும் இருந்தன. "இதை அவரிடம் வாசித்துக் காட்டுவீர்களா தம்பி?" என்று மட்டும் கேட்டேன். காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பேனாவைக் கேட்டு வாங்கி, தாமே அடித்துவிட்டார்.

நகரம் முழுவதையும் வயலாக எடுத்துக்கொள்வது

டேவிட் நாஸ்மித் 1826இல் கிளாஸ்கோவிலும் 1835இல் லண்டனிலும் நகர மிஷன்களைத் தொடங்கினார். ஓர் ஊழியருக்கு ஒரு குறிப்பிட்ட பகுதி, அந்தப் பகுதியில் வீடுவீடாகத் திரும்பத் திரும்பச் சந்திப்பு என்பதே அவர்களின் வழிமுறை. நானோ முதல் ஆண்டில் நகர வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, எல்லா மூலைகளிலும் குண்டூசி குத்தினேன். கடிதத்தில் அது கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் ஆண்டு முடிவில் என்னைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஒரு தெருகூட எனக்கு இல்லை. இப்போது என் எல்லை நான்கு தெருக்கள்.

ஊழியப் பணத்தைத் தனி ஆளாகக் கையாள்வது

எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்ந்த காணிக்கையைப் பவுல்கூடத் தனியாக எடுத்துக்கொண்டு போகத் துணியவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரர் உடன்சென்றார். உங்களுக்கும் ஒருவர் தேவை. அவர் உங்கள் உறவினராக இருக்கக் கூடாது.

நன்றியைத் தள்ளிப்போடுவது

பணம் வந்த வாரத்திலேயே எழுதுங்கள். இரண்டு வரி போதும்.

ஓய்வுநாளை ஆதரவாளர்களிடமிருந்து மறைப்பது

அவர்களும் ஓய்வெடுக்கிறார்கள்.

வீட்டில் கேட்காமல் "சரி" சொல்வது

கேளுங்கள்.

கொடுப்பதை நிறுத்தியவரை மறந்துவிடுவது

பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை, இனிமேல் தம்மால் அனுப்ப இயலாது என்று மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். நான் அவர் பெயரை அனுப்புவோர் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, கடிதம் போகும் பட்டியலிலிருந்தும் அதே கோட்டில் அடித்துவிட்டேன். அதைக் கண்டுபிடித்த என் மனைவி, இரண்டாவதை மறுபடியும் எழுதவைத்தார். அந்த ஆசிரியையிடமிருந்து பணம் நின்று ஏழு ஆண்டுகள் ஆகின்றன. சனிக்கிழமை மாலைகளில் இன்னமும் தொலைபேசியில் அழைக்கிறார். "பெயர் சொல்ல வேண்டாம் பிரதர், இந்த வாரம் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்பார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்கிற பென்சிலின் உராய்வு எனக்குக் கேட்கும்.