அப்பாவின் யூரின் டியூப் அடைத்துக்கொண்ட ராத்திரி

புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து அப்பாவை யூரின் டியூப்போடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரி 12 மணிக்கு, "அடிவயிறு இறுக்குதுடா" என்றார். டியூபிலிருந்து சிறுநீர் வந்து சேரும் பையில் 9 மணிக்குப் பார்த்த அதே அளவுதான். டியூபைச் சுற்றி ஈரம் வேறு.

இழுத்துப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது. நல்லவேளை, செய்யவில்லை. சிறுநீர்ப்பைக்குள் 10 மில்லி போலத் தண்ணீர் நிரப்பிய சின்ன பலூன்தான் டியூபைப் பிடித்து வைத்திருக்கிறது. அதோடு இழுத்தால் ரத்தக்களறிதான்.

வார்டு நர்ஸ் அக்காவுக்குப் போன் போட்டேன். "முதல்ல டியூபை முழுக்கத் தடவிப் பாருங்க தம்பி" என்றார். போர்வையை விலக்கினால், அப்பாவின் தொடைக்கு அடியில் மடங்கி நசுங்கிக் கிடக்கிறது. பையைத் தரையில் வைக்கக் கூடாது என்று சொன்னார்களே என, நான் அதைக் கட்டில் மேலேயே வைத்திருந்தேன்! சிறுநீர் எப்படி மேலே ஏறும்?

மடிப்பை எடுத்துவிட்டு, பையைக் கட்டில் சட்டத்தில், தரையில் படாமல் தாழ்வாகத் தொங்கவிட்டேன். சரசரவென இறங்கியது. கொஞ்ச நேரத்தில் 500 மில்லியைத் தாண்டிவிட்டது.

அப்புறம் டியூபைக் கொஞ்சம் தளர்வாக விட்டுத் தொடையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டினேன். மலச்சிக்கலும் டியூபை அழுத்தும் என்றதால் மறுநாளிலிருந்து வாழைப்பழம், நிறையத் தண்ணீர். நேராக்கியும் வடியாவிட்டால் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம், விடியட்டும் என்று காத்திருக்காமல் கூட்டி வந்துவிடுங்கள் என்றும் அந்த அக்கா சொல்லியிருந்தார். அதற்குள் அப்பா குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.