மார்கழியில் ஓடியது சித்திரையில் ஏன் நின்றது? ஓவர்கிளாக்கிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாபநாசத்துக்குப் பக்கத்தில் கல்யாண வீடியோ எடுத்து எடிட்டிங்கும் செய்துகொடுக்கும் தம்பி ஒருவர், சித்திரை மாதத்து மதியம் ஒன்றில் தன் கம்ப்யூட்டரைப் பழைய போர்வையில் சுற்றி, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி என் கடைக்குக் கொண்டுவந்தார். “மார்கழியில் பிராசசர் வேகத்தை 4.9 கிகாஹெர்ட்ஸில் வைத்தேன் அண்ணே. தை முகூர்த்தம் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இப்போது எடிட் செய்ததை வீடியோவாக்க ரெண்டர் போட்டால் பாதியில் நீலத்திரை வந்து நின்றுவிடுகிறது” என்றார். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரை, தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங். பிராசசர் போய்விட்டது என்று அவரே முடிவுகட்டி, புதிதுக்கு என்ன விலை ஆகும் என்றும் கேட்டுவிட்டார்.

பிராசசருக்கு ஒன்றும் ஆகவில்லை. மார்கழிக் காலையில் அவர் அறையில் 24 டிகிரி இருந்திருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அதே மாடி அறையில் சித்திரை மதியம் 38 டிகிரி. பிராசசர் மேல் பொருத்தும் கூலர் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் பிராசசரை வைத்திருக்க அதனால் முடியாது. அறையில் 14 டிகிரி ஏறினால் பிராசசரிலும் ஏறக்குறைய அதே 14 டிகிரி ஏறும். மார்கழியில் 82-இல் நின்றது சித்திரையில் 96-க்குப் போய்விட்டது. அவருடைய ரகத்துக்கு உச்ச வரம்பு 100. வரம்பைத் தொட்டால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் அதற்கு முன்பே ஒரு சிக்கல் வரும்: சூடு ஏற ஏற, அதே வேகத்தைத் தாங்க அதற்குக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும். குளிரில் மயிரிழையில் தப்பித்துவந்த அமைப்பு, வெயிலில் கணக்குத் தப்பிவிட்டது.

காவிரி டெல்டாவில் நான் பார்க்கும் ஓவர்கிளாக்கிங் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவைதான். எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்து ஒருவர் கண்டுபிடித்த எண்ணை, நம் அறையின் வெயிலையும் நம் தெருவின் கரண்டையும் கணக்கில் எடுக்காமல் அப்படியே மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் எழுதிவிடுகிறோம். ஒரே ரகம், ஒரே விலை என்றாலும் இரண்டு பிராசசர்கள் ஒரே எண்ணைத் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரே நாற்றங்காலில் பறித்த நாற்று எல்லாம் ஒரே மாதிரியா தூர் கட்டுகிறது? சிலிக்கானும் அப்படித்தான். ஒருவருக்கு 5.0 எளிதாகக் கிடைக்கும், அடுத்தவருக்கு 4.7-லேயே மூச்சு வாங்கும்.

வாங்கிய பொருளுக்கு இந்த வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்று பார்க்காமல் இறங்குகிறவர்களும் உண்டு. இன்டெல்லில் பெரும்பாலும் பெயரின் முடிவில் ‘கே’ எழுத்து உள்ள ரகங்களில்தான் (‘கேஎஃப்’, ‘கேஎஸ்’ உட்பட) மல்டிப்ளையர், அதாவது வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கு எண், மாற்றத் திறந்திருக்கும். அதற்கு ‘இசட்’ வரிசை மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை திறந்தவை. மதர்போர்டு ‘பி’ அல்லது ‘எக்ஸ்’ வரிசையாக இருந்தால் போதும், ஏ320, ஏ520 போன்ற ‘ஏ’ வரிசையில் நடக்காது. வாரண்டி அட்டையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ஓவர்கிளாக் செய்ததால் வந்த சேதத்துக்குப் பொதுவாக அது பொறுப்பேற்காது.

இனி கணக்கு. இதை மட்டும் பொறுமையாகப் படிக்கச் சொல்வேன்.

பிராசசரின் வேகம் ஒரு பெருக்கல். அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ். மல்டிப்ளையர் 43 என்றால் 4.3 கிகாஹெர்ட்ஸ், 49 என்றால் 4.9. வேகத்தைக் கூட்டினால் வெப்பமும் அதே விகிதத்தில் கூடும். அதோடு நின்றால் பரவாயில்லை. கூட்டிய வேகத்தைத் தாங்க வோல்டேஜையும் கூட்ட வேண்டியிருக்கிறது. வோல்டேஜ் கூடும்போது வெப்பம் அதன் வர்க்கத்தில் ஏறும். தம்பியின் பழைய 8-ஆம் தலைமுறை இன்டெல் கோர் ஐ7, உள்ளே இருக்கும் எல்லாக் கோர்களும் (தனித்தனி வேலைப் பகுதிகள்) வேலை செய்யும்போது தன்னியல்பில் 4.3-இல், 1.2 வோல்ட்டில் ஓடியது. அவர் வைத்தது 4.9, 1.38 வோல்ட். வேகம் 14 சதவீதம் கூடியிருக்கிறது. வோல்டேஜ் 15 சதவீதம் கூடியது. அதன் வர்க்கம் 32 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் வெப்பம் 50 சதவீதம் கூடுகிறது. 14-ஐ வாங்க 50-ஐக் கொடுத்திருக்கிறார். அதே பிராசசரை 4.7-இல், 1.26 வோல்ட்டில் வைத்தால் 9 சதவீத வேகத்துக்கு 20 சதவீத வெப்பம். ஒரு மணி நேர ரெண்டர் 4.9-ஐவிட இரண்டரை நிமிடம் தாமதமாக முடியும். ஒரு டிகிரி காபியை ஆற்றிக் குடிக்கும் நேரம்.

கடைசி 200 மெகாஹெர்ட்ஸுக்காகத்தான் எல்லாரும் வம்பில் மாட்டுகிறார்கள்.

வோல்டேஜை ‘ஆட்டோ’வில் விட்டுவிட்டு மல்டிப்ளையரை மட்டும் ஏற்றுவது அடுத்த தவறு. மதர்போர்டு பெருந்தன்மையானது. எதற்கும் இருக்கட்டும் என்று தேவைக்கு மேலேயே அள்ளிக் கொடுக்கும். 1.28 போதுமான இடத்தில் 1.4 கொடுத்த போர்டை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் அழகாக ஓடும். உள்ளே பிராசசர் வெந்துகொண்டிருக்கும். வோல்டேஜும் சூடும் சேர்ந்தால் சில்லுக்குள் இருக்கும் நுண்ணிய உலோகப் பாதைகள் மெல்ல மெல்ல அரிக்கப்படும். அது ஒரே நாளில் தெரியாது. இரண்டு வருடம் கழித்து, முன்பு தாங்கிய வேகத்தை இப்போது தாங்கவில்லையே என்று புரியும். எண்ணை நீங்களே எழுதுங்கள். தம்பியுடையதைப் போன்ற பழைய 14 நானோமீட்டர் (சில்லின் நுணுக்கத்தைக் குறிக்கும் எண்) ரகங்களில் நான் 1.35-ஐத் தாண்ட விடுவதில்லை. புதிய ரைசனுக்கு அதே எண்ணை நிலையான வோல்டேஜாக வைப்பது அதிகம். ரகத்துக்கு ரகம் வரம்பு மாறும். பயாஸில் ‘லோட்லைன்’ என்று ஓர் அமைப்பு இருக்கும்; வேலைப்பளு ஏறும்போது வோல்டேஜ் எவ்வளவு தொய்யலாம் என்பதைத் தீர்மானிப்பது அது. அதை உச்சத்தில் வைத்தால் தொய்வே இருக்காது என்று நினைக்கிறார்கள். பளு சட்டென்று இறங்கும் கணத்தில் வோல்டேஜ் மேலே எகிறும். நடு நிலையிலேயே விட்டுவிடுங்கள்.

ஒரே நேரத்தில் மூன்று மாற்றங்கள் செய்வதும் வழக்கமாக நடப்பது. ராமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கி, மல்டிப்ளையரை ஏற்றி, வோல்டேஜையும் மாற்றிவிட்டு, கம்ப்யூட்டர் நின்றால் யாரைக் கேட்பது? எக்ஸ்எம்பியும் ஒருவகை ஓவர்கிளாக்தான் என்பது பலருக்குத் தெரியாது. முதலில் அதை மட்டும் இயக்கி, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 கொண்டு ஒரு ராத்திரி சோதித்துவிடுங்கள். பிறகு பிராசசரில் 100, 100 மெகாஹெர்ட்ஸாக ஏறுங்கள்.

சோதனையில்தான் ஏமாற்றம் அதிகம். சினிபென்ச் மென்பொருள் பத்து நிமிடம் ஓடியது, ஆகவே எல்லாம் சரி என்று மூடிவைப்பார்கள். அது வேகத்தைக் காட்டும். நிலைத்தன்மைக்கு அது மட்டும் போதாது. பிராசசருக்கு முழுப் பளு கொடுக்கும் பிரைம்95 அல்லது ஓசிசிடி போன்ற ஒன்றை மணிக்கணக்கில் ஓட்ட வேண்டும். பக்கத்தில் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துச் சூட்டையும் வோல்டேஜையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நம் ஊருக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: பகல் 2 மணிக்கு, ஜன்னல் எப்போதும் எப்படி இருக்குமோ அப்படியே, கேபினெட்டின் பக்கக் கதவை மூடி. கதவைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டு எடுத்த எண் சோதனைக்கு உதவாது. குளிர்காலத்தில் செய்கிறீர்கள் என்றால் கிடைத்த சூட்டோடு 14, 15 டிகிரியைக் கூட்டிப் பாருங்கள். கூட்டிய பிறகும் 85-க்குள் இருந்தால் எனக்கு நிம்மதி.

நின்றுபோகாத கம்ப்யூட்டர் எல்லாம் நிலையான கம்ப்யூட்டரும் இல்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தால், டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரில் எச்சரிக்கைகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். பிராசசர் தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டு நாள்களைக் கடத்துகிறது என்று அர்த்தம். அதன் கண்ணில் படாமல் தப்பும் பிழை சத்தமில்லாமல் கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தாலி கட்டும் காட்சியில் நான்கு நொடி பச்சைக் கட்டம் கட்டமாக வந்தால் கல்யாண வீட்டாரிடம் என்ன சொல்வது? ஓவர்கிளாக் செய்யும் முன் அசல் பதிவுகளை வேறொரு டிஸ்கில் எடுத்துவைத்து, அந்த டிஸ்கைக் கழற்றியும் வையுங்கள்.

தம்பியின் கேபினெட்டைத் திறந்தபோது கூலரின் தகடுகளுக்கு நடுவே பொன்னிறமாக ஒரு படலம் இருந்தது. உமித்தூசி. வீட்டுக்கு இரண்டு மனை தள்ளி நெல் காய வைக்கும் களம். அறுவடைக் காலத்தில் பறந்தது அத்தனையும் ஃபேன் வழியாக உள்ளே வந்து, ஈரக் காற்றில் மெத்தை மாதிரி படிந்திருந்தது. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டியபோது ஒரு கைப்பிடி தேறியது. (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் செத்த பல்லியும் ஒன்று இருந்தது. அது ஓவர்கிளாக்கிங்கில் சேராது என்றாலும், மழைக்காலத்தில் வெதுவெதுப்பான இடம் தேடி அது எங்கே போகும் என்பதையும் தெரிந்துவையுங்கள்.) பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசியிருந்த பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. குறுவை அறுவடைக்குப் பிறகு ஒருமுறை, சம்பா அறுவடைக்குப் பிறகு ஒருமுறை தூசி தட்டுங்கள். தட்டும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிளோயர் காற்றில் அது தறிகெட்டுச் சுழலக்கூடாது.

கரண்டைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வாய்க்காலுக்குக் கடைமடை இருப்பதுபோல் மின்கம்பிக்கும் கடைமடை உண்டு. போர்செட் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும் நேரத்தில் லைனின் கடைசி வீடுகளில் 230 வோல்ட் எங்கே வருகிறது? யூபிஎஸ் பேட்டரிக்குத் தாவிக்கொண்டே இருக்கும். வழக்கமாக விற்கும் 600 விஏ யூபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். ஓவர்கிளாக் செய்த பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் முழு மூச்சில் ஓடும்போது கரண்ட் போனால், காப்பாற்ற வேண்டிய யூபிஎஸ்ஸே கைவிரித்துவிடும். ஆகவே வாட் கணக்கைக் கூட்டிப் பார்த்து, 1000 விஏ-வுக்குக் குறையாமல் வாங்குங்கள். பயாஸ் அப்டேட்டையும் யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் மதர்போர்டே எழுந்திருக்காமல் போகலாம். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா? எர்த் இல்லை என்று பொருள். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிகளிலிருந்து கசியும் சிறு மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லாமல் கேபினெட்டின் உடம்பில் நிற்கிறது. செருப்புப் போட்டுக்கொள்வது இதற்குத் தீர்வாகாது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் பிட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மல்டிப்ளையர் அதுவரை காத்திருக்கட்டும்.

புதிய பிராசசர் வைத்திருப்பவர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம்: இதெல்லாம் தேவையா? 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ-வில் பஸ் வேகத்தை (அடிப்படைக் கடிகாரத்தை) 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 300 என்பது 450 ஆகிவிடும். பாதிக்குப் பாதி இலாபம். அந்தக் காலம் போய்விட்டது. இன்றைய பிராசசர்கள் டர்போ என்ற பெயரில் தம் எல்லைக்கு மிக அருகில் தாமே ஓடுகின்றன. எல்லையில் ஓடுவதன் அபாயத்தைத் தயாரிப்பாளர்களே பார்த்துவிட்டார்கள். 2023-இல் சில ரைசன் 7000 பிராசசர்கள் கருகிய பிறகு, அவற்றில் மெமரியைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கான எஸ்ஓசி வோல்டேஜை 1.3-க்குள் கட்டும் பயாஸ் அப்டேட்டுகள் வந்தன. 2024-இல் இன்டெல் தன் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றின் கோளாறுக்கு மிகுதியான வோல்டேஜைக் காரணம் காட்டி மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தம் வெளியிட்டதோடு, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. இந்த ரகங்கள் உங்களிடம் இருந்தால் முதல் வேலை பயாஸ் அப்டேட். பிறகு வேகத்தைத் தொடாமல் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். ரைசனில் பயாஸில் உள்ள கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பு இதைச் செய்யும். சூடு இறங்கினால் டர்போ தானாகவே கூடுதல் நேரம் நிற்கும். டெல்டாவின் வெயிலுக்கு எனக்குப் பிடித்த ஓவர்கிளாக்கிங் இதுதான். குறைத்த பிறகும் சோதனை உண்டு. வோல்டேஜ் போதாமல் போனாலும் நீலத்திரை வரும்.

எண்ணைத் தவறாகக் கொடுத்து, திரையே வராமல் போனால் பதற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, மதர்போர்டில் பொத்தான் மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். அந்தப் பேட்டரி எங்கே இருக்கிறது என்பதை முதல் எண்ணை மாற்றும் முன்பே பார்த்துவைப்பது நல்லது. சில போர்டுகளில் அது கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

தம்பியின் கேபினெட் கதவின் உட்புறத்தில் இப்போது ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. மல்டிப்ளையர் 47, வோல்டேஜ் 1.26, சித்திரை, பகல் 2 மணி, அறை 38, பிராசசர் 82. கீழே நான்கு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன், வரும் கோடைகளில் அவர் எழுதிக்கொள்ள.