பெயருக்குள் புகுந்துவிடும் ‘ஸ்ரீ’: கணினி அச்சுக்கோப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கத்து நிக்காஹ் அழைப்பிதழ்களில் இந்தப் பிழை கண்ணில் படுகிறது. ‘நஸ்ரீன்’ என்று யூனிகோடில் தட்டினால் ஸ், ரீ இரண்டும் ஒட்டிக்கொண்டு, பெயரின் நடுவே ஸ்ரீ என்ற கூட்டெழுத்து வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஹஸன் பஸ்ரீ, துன்னூன் மிஸ்ரீ ஆகிய பெரியார்களின் பெயர்களுக்கும் இதே கதிதான். மணப்பெண்ணின் பெயரையே சிதைத்து அச்சிட்டுக் கொடுப்பதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி ஆகியவை வரிசையாக வந்தால் ஸ்ரீயைக் காட்ட வேண்டும் என்பது எழுத்துருவுக்குள் இருக்கும் விதி. சொல் எது, பெயர் எது என்று அதற்குத் தெரியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஸ்ரீக்குத் தனி விசை இருந்ததால், அவற்றில் பழகியவர்களுக்கு இது புதுத் தொல்லை.

உடனே பலரும் மென்பொருளில் ‘லிகேச்சர்’ என்ற இடத்தில் டிக்கை எடுத்துப் பார்ப்பார்கள். பயனில்லை. அது பெரும்பாலும் ஆங்கில எழுத்து இணைப்புகளுக்கானது. தமிழின் கட்டாயக் கூட்டெழுத்தை அது தொடாது. இடைவெளி விட்டு ‘நஸ் ரீன்’ என்று பிரிப்பது அதைவிட மோசம்: வரி முடிகிற இடமானால் நஸ் மேலே நிற்கும், ரீன் கீழே போய்விடும். ‘நஸ்ரின்’ என்று குறிலாக்கினால் கூட்டெழுத்து மறையும். ஆனால் பெயரே மாறிவிடும். எழுத்துருவின் வசதிக்காக ஒருவர் பெயரைத் திருத்த நமக்கு உரிமை கிடையாது.

சரியான வழி, ஸ் என்பதற்கும் ரீ என்பதற்கும் நடுவே ‘நான்-ஜாயினர்’ என்ற அகலமில்லாத குறியீட்டை இடுவது. வேர்டில், ஸ் என்பதை அடுத்து 200 என்ற எண்ணையும் ஆங்கில சி எழுத்தையும் தட்டி, ஆல்ட் விசையுடன் எக்ஸை அழுத்தினால் போதும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் சிறப்புக் குறியீடுகளின் பட்டியலிலேயே இருக்கிறது. இப்போது பாருங்கள்: நஸ்‌ரீன்.

வழி தெரிந்த உற்சாகத்தில் கோப்பு முழுவதும் ‘ரீப்ளேஸ் ஆல்’ கொடுத்துவிடக் கூடாது. இந்தக் கரையில் நிக்காஹ் அழைப்பிதழ் அடிக்கும் அச்சகத்துக்கே ராமேஸ்வரம் ஸ்ரீ ராமநாதஸ்வாமி கோயில் விழா நோட்டீஸும் வரும். அங்கே ஸ்‌ரீ என்று உடைந்து நின்றால் அதுவும் அவமரியாதைதான். ஒவ்வொரு இடமாகப் பார்த்தே மாற்ற வேண்டும்.

க்ஷ விஷயத்தில் இவ்வளவு பதற்றம் வேண்டாம். லக்ஷ்மண தீர்த்தத்தில் சேர்த்தும், ரிக்‌ஷா, செக்‌ஷன் போன்றவற்றில் பிரித்தும் எழுதுவது என் வழக்கம். எதுவானாலும் ஒரே புத்தகத்தில் ஒரே முறை இருக்கட்டும்.

பெயர்ப் பட்டியல்களில் மட்டும் இந்தக் குறியீட்டைச் சேர்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் அது உள்ளே இருப்பதால், பிறகு நஸ்ரீன் என்று தேடும்போது பல மென்பொருள்கள் ‘இல்லை’ என்று சொல்லிவிடும். மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும். அச்சுக்குப் போகும் பக்கத்தில் சேர்த்தால் போதும். ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்புவதாக இருந்தால் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவங்களாக, மாற்றி அனுப்புங்கள். அங்கே பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் குறியீடு தொலைந்து, ஸ்ரீ மறுபடியும் ஒட்டிக்கொள்ளக்கூடும்.