ஐஸ் உருகுறப்ப வெப்பமானி ஏன் அசைய மாட்டேங்குது, வீட்லயே செஞ்சு பாக்குற முறை

சயன்ஸ்ல மறைவெப்பம் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்குத் தான் இது. ஐஸ சூடாக்குறப்ப வெப்பநிலைக் கோடு ஏறி, நடுவுல படுத்துக்கிட்டு, திரும்ப ஏறுற அந்த வரைபு இருக்குதானே, அத பாடமாக்கி என்ன பிரயோசனம், ஒருக்கா கையால செஞ்சு பாத்தா சாகுற வரைக்கும் மறக்காது. நான் படிக்கிற காலத்துல ஐஸ கேஸ் அடுப்புல வச்சு வெப்பமானிய அடியில முட்ட விட்டுட்டேன், ஐஸ் மிதந்துக்கிட்டு இருக்குது, வெப்பமானி 7ன்னு காட்டுது. பயந்து போய் எல்லா நிமிசத்துக்கும் 0, 0, 0ன்னு பொய்யா எழுதி குடுத்தேன், ஃபுல் மார்க்ஸ் வேற போட்டாங்க!

மொதல்ல வெப்பமானி. காய்ச்சல் பாக்குறது இதுக்கு சரி வராது, அது 35ல தான் ஆரம்பிக்கும். -10ல இருந்து 110 வரைக்கும் போற லேப் வெப்பமானி வேணும், செவப்பு திரவம் உள்ளது போதும், பாதரசம் வேணாம், ஒடஞ்சா வில்லங்கம். அப்பறம் ஒரு பால்மா டின், மெழுகுதிரி ரெண்டு மூணு, டின்ன தூக்கி வைக்க செங்கல் ரெண்டு, கலக்குறதுக்கு கொஞ்சம் ஈர்க்கு.

200 கிராம் ஐஸ துணியில சுத்தி அம்மிக் குழவியால நல்லா தட்டுங்க. பெரிய கட்டியா போட்டீங்கன்னா ஒரு பக்கம் சூடு ஒரு பக்கம் குளிர்ன்னு இருக்கும், நான் மாட்டிக்கிட்டது அங்க தான். தூளாக்கி டின்ல போட்டு, வெப்பமானி குமிழ் அடியிலயும் சுவர்லயும் முட்டாம நடுவுல நிக்கிற மாதிரி பிடிச்சுக்கிட்டு, ஈர்க்கால கலக்கிக்கிட்டே இருக்கணும், வெப்பமானியாலயே கலக்கிறாதீங்க. மெழுகுதிரிய பத்த வச்சு நிமிசத்துக்கு ஒருக்கா குறிச்சுக்கங்க. உப்பு பட்ட பாத்திரம் கூடாது, உப்பு சேந்தா 0க்கும் கீழ எறங்கிரும்.

ஃப்ரீசர்ல இருந்து நேரா எடுத்த ஐஸ்ன்னா மொதல்ல 0க்கு கீழ தான் காட்டும், அது கடகடன்னு ஏறும், ஏன்னா ஐஸ் 1 கிராம 1 பாகை ஏத்த 2.1 ஜூல் (வெப்பத்த அளக்குற அலகு) போதும், தண்ணிக்கு 4.2 வேணும். அப்பறம் 0 வந்ததும் நின்னுரும். கீழ நெருப்பு எரியுது, டின் சூடாகுது, தண்ணி கூடிக்கிட்டே போகுது, ஆனா செவப்புக் கோடு அசையவே அசையாது. சேந்து பிடிச்சுக்கிட்டு நிக்கிற மூலக்கூறுகள பிரிச்சு விடறதுக்கே உள்ள போற வெப்பம் எல்லாம் செலவாகுது, அதுகள வேகமா ஓட வைக்க மிச்சம் ஒண்ணுமில்ல. வேகம் கூடுனா தானே வெப்பநிலை ஏறும்.

1 கிராம் ஐஸ உருக்க 334 ஜூல். 200 கிராமுக்கு 66,800. அதே வெப்பத்த 0 பாகைல இருக்கிற 200 கிராம் தண்ணிக்கு குடுத்தா கிட்டத்தட்ட 80 பாகைக்கு ஏறிரும், பிளேன்டீ ஊத்துற சூடு. ஐஸுக்கு குடுத்தா 0ல இருந்து 0 தான். ஸ்கொட்லாந்துல ஜோசப் பிளாக் 1760கள்ல இத தான் கண்டுபிடிச்சு சொன்னார். வெப்பநிலை ஏறாமலே வெப்பம் உள்ள போய் மறைஞ்சுக்கிறதால தான் மறைவெப்பம்ன்னு பேரு.

நம்ம ஊருக்குன்னு ஒரு விசயம் இருக்கு. வெப்பமானி சரியான்னு பாக்க ஐஸ் தண்ணில வச்சா தலவாக்கலையா இருந்தாலும் கொழும்பா இருந்தாலும் 0 தான் காட்டும், மலை ஏறுனதால உருகுற வெப்பநிலை கண்ணுக்குத் தெரியிற அளவுக்கு மாறாது. கொதிநிலை அப்பிடி இல்ல. நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1,868 மீட்டர், அங்க தண்ணி 94 பாகை கிட்டயே கொதிச்சிரும். 100 வரலயேன்னு நல்ல வெப்பமானிய தூக்கி வீசிறாதீங்க.

அடுத்தது, இது தான் எனக்குப் பிடிச்சது. பாணி மருந்து மூடியால 50 மில்லி அளந்து யோகட் கப்ல ஊத்தி ஐஸாக்கிக்கங்க. ரிஜிபோம் (தெர்மோகோல்) கப்ல 60 பாகைல 200 மில்லி சுடுதண்ணி எடுங்க. ஐஸ கொஞ்ச நேரம் வெளிய வச்சு, வேர்த்து வழியத் தொடங்குனதும் ஒடச்சு, ஈரத்த ஒத்தி எடுத்துட்டு போட்டு, கரையிற வரைக்கும் கலக்குங்க. கணக்குப்படி 32 பாகை வரணும். ஐஸுக்கு பதிலா 0 பாகை தண்ணி 50 மில்லி ஊத்தியிருந்தா 48ல நின்னிருக்கும். ரெண்டும் 0 பாகை தான், ரெண்டும் 50 கிராம் தான், வித்தியாசம் 16 பாகை!

சரியா 32 வராது, சொல்லிட்டேன். எனக்கு மொத தடவ 36, ஈரத்த துடைக்காம போட்டது தான், ஏற்கனவே உருகுன தண்ணியும் ஐஸ் கணக்குல சேந்திருச்சு. ஃப்ரீசர்ல இருந்து நேரா போட்டா 30 கிட்ட எறங்கும். கடைசில மொத்த தண்ணிய திரும்ப அளந்து 200 கழிச்சீங்கன்னா நெசமா எத்தன கிராம் ஐஸ் போச்சுன்னு தெரிஞ்சிரும், அத வச்சு கணக்க திரும்ப போடுங்க.