குடியம் குகைக்குக் குடும்ப நடைப்பயணம்: வடசென்னையிலிருந்து புறப்படுவோருக்கு

வண்ணாரப்பேட்டை முதல் எண்ணூர் வரை நம் பகுதியின் தரை மணலும் வண்டலும் ஆனது. இங்கு வளரும் பிள்ளைகள் அன்றாடம் காணும் பெரிய கற்கள், கடலரிப்பைத் தடுக்க லாரிகளில் கொண்டுவந்து கரையில் கொட்டப்பட்டவை. இயற்கையாக உருவான இடத்திலேயே நிற்கும் பாறையை அவர்களுக்குக் காட்ட விரும்பினால், திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால், அல்லிக்குழி மலையில் உள்ள குடியம் குகைக்கு அழைத்துச் செல்லுங்கள். எண்ணூரில் கடலைச் சேரும் கொசஸ்தலையாற்றின் மேற்பகுதி அது.

முதலில் அனுமதி பெற வேண்டும். குகை காட்டுப்பகுதிக்குள் இருக்கிறது; 2018இல் நேர்ந்த குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் குடியமும் ஒன்று என்பதால், அதன் இணையதளத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன் செல்வதே முறை. சிறுவர்களுக்கான வயது நிபந்தனையையும் அப்போதே படித்துக்கொள்ளுங்கள். கோடையில் தீ அபாயம் கருதிப் பாதைகளை மூடுவதுண்டு. மழை ஓய்ந்த மார்கழியும் தையும் நடப்பதற்கு ஏற்றவை.

பெரம்பூர், வில்லிவாக்கத்தில் இருப்பவர்கள் திருவள்ளூர் மின்சார ரயிலில் நேராக ஏறலாம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டையிலிருந்து வருபவர்கள் பேசின் பிரிட்ஜில் மாற வேண்டும். திருவள்ளூரிலிருந்து பூண்டி வழியாகக் குடியம் ஊருக்குச் செல்ல வாடகை வண்டியை முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. சொந்த வண்டியில் வருபவர்களுக்குச் செங்குன்றம் வழி வசதியானது.

ஊரைத் தாண்டியதும் முட்புதர்களுக்கு இடையே சில கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். முழுக்கால் சட்டையும் விரல்களை மூடும் காலணியும் பிள்ளைகளுக்கும் கட்டாயம். வழியில் கடைகள் இருக்கும் என்று நம்பாமல், பெரியவர் ஒருவருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வீதம் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் கெடாத புளியோதரையும் வேர்க்கடலையும் போதும். வெயில் ஏறுவதற்குள் குகையை அடையும்படி விடியலிலேயே வீட்டைவிட்டுப் புறப்படுவது, சிறுபிள்ளைகள் சோர்ந்துபோகாமல் இருப்பதற்கு மிக முக்கியமானது.

குகையை அடைந்தவுடன் படம் எடுத்துவிட்டுத் திரும்புபவர்கள் அதன் சிறப்பைத் தவறவிடுகிறார்கள். அங்கே ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். அது சுரங்கம்போல நீளும் குகை அன்று. முன்னோக்கி நீண்ட பாறைக் கூரையின் கீழ் அமைந்த அகன்ற ஒதுக்கிடம். அதன் சுவரைப் பிள்ளைகள் அருகில் நின்று பார்க்கட்டும்: உருண்டையும் நீள்உருண்டையுமான கூழாங்கற்கள் அடுக்கடுக்காகப் பதிந்திருக்கும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடிய நீர் உருட்டிக் கொண்டுவந்து குவித்த கற்கள், இடையிலிருந்த மணலோடு இறுகிப் பாறையாயின. அந்தப் பாறையில் உறுதி குறைந்த அடுக்குகள் முதலில் அரித்துப்போக, உறுதியான மேலடுக்கு கூரையாக நின்றுவிட்டது. கல் ஏன் உருண்டையாக இருக்கிறது என்ற கேள்வியைப் பிள்ளைகளிடம் விட்டு, விடையை அவர்களே சொல்லும்வரை காத்திருங்கள்.

அந்தக் கூழாங்கற்களில் பெரும்பாலானவை குவார்ட்சைட் என்னும் கடினமான கல். அதைத் தட்டி உடைத்தால் கூரிய விளிம்பு கிடைக்கும். தொல்மனிதர்கள் இந்தப் பகுதியில் தங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 1863இல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த புவியியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டில் இங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 2011இல் வெளியிட்டது. 1960களில் குடியம் குகையிலும் அகழாய்வு நடந்தது.

ஆகவே எந்தக் கல்லையும் எடுத்துவர வேண்டாம். கிடந்த இடத்தோடு சேர்ந்தால்தான் கருவி ஆய்வாளருக்குப் பயன்படும். பாறையில் பெயர் கீறுவதையும் பிள்ளைகளிடம் முன்பே தடுத்துவிடுங்கள். மலைத்தேனீக்கள் கூடு கட்டும் இடம் என்பதால் புகை, வாசனைத் திரவியம், உரத்த கூச்சல் ஆகியவை ஆபத்தானவை. பாறை இடுக்குகளில் கை விடக்கூடாது.

திரும்பும் வழியில் பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. விடுமுறை நாளை விசாரித்துக்கொண்டு, நடைக்குப் பிறகே அங்கு செல்லுங்கள். குகைச் சுவரில் கல்லைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கைக்கோடாரி, அதாவது கையில் பிடித்து வெட்டப் பயன்பட்ட கற்கருவி, உடனே விளங்கும். நெடுந்தூரம் நடக்க முடியாத தாத்தா, பாட்டி உடன் வந்தால், அவர்களை ஒருவர் துணையுடன் பூண்டியிலேயே இருக்கச் செய்து, அருங்காட்சியகத்தை எல்லோருமாகப் பார்க்கலாம்.